மாணவர் சந்தை: வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் கடைக்கணக்கு கற்ற வழி

மாணவர் சந்தை என்பது பள்ளி வளாகத்துக்குள் பிள்ளைகளே கடை விரித்து, விலை குறித்து, எடை போட்டு, பணம் வாங்கிச் சில்லறை திருப்பித் தரும் கற்றல் நிகழ்ச்சி. சில ஊர்களில் இதைப் பள்ளிச் சந்தை என்கிறார்கள். மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் இது மெட்ரிக் மேளா, கர்நாடகத்து அரசுப் பள்ளிகளில் மக்கள சந்தே. கீரைக்கட்டு, முருங்கைக்காய், அவித்த வேர்க்கடலை, வீட்டுச் சுண்டல், களிமண் அகல் எல்லாம் விற்பனைக்கு வரும். பெற்றோரும் ஆசிரியரும் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வாங்குவார்கள். எதை முன்னே வைப்பது, விலைப்பலகையை எந்த உயரத்தில் மாட்டுவது, கடந்து போகிறவரை எப்படி நிற்கவைத்துப் பேச்சில் இழுப்பது என்பதையெல்லாம் மாணவர்களே திட்டமிட்டு, வகுப்புக்குள் ஒரு முறை நடத்திப் பார்த்து, குறைகளைத் திருத்திக்கொண்டு சந்தை நாளில் இறங்குகிறார்கள். இது அண்மைக்காலப் புதுமைபோலத் தெரிந்தாலும், புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில், அதாவது உள்ளாட்சிப் பிரிவுகளில், சந்தைக்கும் பள்ளிக்கும் இருந்த உறவு நூற்றாண்டுக் கணக்கில் பழையது. நெருங்கியும் விலகியும் மீண்டும் நெருங்கியும் வந்த உறவு அது.

கல்விக்கு இந்த மண்ணில் கிடைத்த பழைய சான்றே வியப்பளிப்பது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கின்றன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அந்த ஊர்கள். அடுத்து, இன்றைய மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருபுவனையில் முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 1048ஆம் ஆண்டில் அங்கிருந்த கல்லூரியைப் பதிவு செய்திருக்கிறது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அவர்களின் செலவுக்கு 72 வேலி நிலம். அதிலிருந்து ஆண்டுக்கு 12,000 கலம் நெல். சற்று வடமேற்கே விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலக் கல்லூரியில் இளைய மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், மூத்தவருக்கு ஒரு குறுணி 2 நாழியும் அளந்து கொடுக்கப்பட்டன.

குறுணிக்கு 8 நாழி என்பதால் மூத்தவருக்குக் கிடைத்தது 10 நாழி. 260 பேருக்கு ஆண்டு முழுவதும் இப்படி அளக்க வேண்டுமானால் எவ்வளவு கணக்கு வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கணக்கு, கல்லூரியின் பாடமாக இருக்கவில்லை. அங்கே கற்பிக்கப்பட்டவை வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் போன்றவை. நெல் அளந்தவர்களும் ஓலையில் வரவு எழுதியவர்களும் தங்கள் கணக்கை வேறெங்கோ கற்றார்கள். உயர்ந்த படிப்பு ஒருபுறம், பிழைப்புக்கான கணக்கு மறுபுறம் என்னும் பிரிவு இந்த வட்டாரத்தில் அப்போதே இருந்தது.

பிழைப்புக் கணக்கைக் கற்பித்த இடம் திண்ணைப் பள்ளி. 19ஆம் நூற்றாண்டு வரை தமிழகக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் நடந்த இப்பள்ளிகளின் கணிதத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பல்லாண்டு ஆய்வு செய்த வரலாற்றாசிரியர் செந்தில் பாபு, 2022இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பாடங்கள் நான்கு படிகளாக இருந்தன. முதலில் பொன்னிலக்கம். முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்கில் தொடங்கி, காணி, மா, மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால் எனக் கூட்டிக்கொண்டே முழு எண்களுக்கு ஏறும் வரிசை இது. அடுத்து நெல்லிலக்கம். 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று அளவைகள் படியேறும். மூன்றாவது எண்சுவடி, அதாவது பெருக்கல் வாய்பாடு. முழு எண்களோடு கால், அரை, முக்கால், மாகாணி ஆகியவற்றுக்கும் அதில் வாய்பாடு உண்டு. கடைசியில் குழிமாற்று. நிலத்தின் நீள அகலத்தைச் சொன்னவுடன் பரப்பைச் சொல்லும் பயிற்சி.

இந்த வரிசையைப் பார்த்தாலே அது எதற்காக உருவானது என்பது விளங்கும். பொன்னும் காசும் முதலில், நெல் இரண்டாவது, நிலம் கடைசியில். இவை கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் ஒருவன் நாள்தோறும் எதிர்கொள்ளும் மூன்று பொருள்கள். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை ஓலைக்குப் போகுமுன் வாய்பாட்டை உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றியிருப்பான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சொல்லிக்கொடுக்க மற்றவர் திருப்பிச் சொல்வார்கள். சென்னையில் இம்முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1790களில் அதை எழுத்தில் பதிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அது அங்கே மெட்ராஸ் முறை என்று புகழ்பெற்றது. அவர் எடுத்துச் சென்றது கற்பிக்கும் ஏற்பாட்டை மட்டுமே. உழக்கும் மாகாணியும் இங்கேயே தங்கிவிட்டன.

திண்ணைப் பள்ளியின் தேர்வு பொதுவெளியில் நடப்பது. ஊர்ப் பெரியவரோ பெற்றோரோ வழிப்போக்கரோ கணக்கொன்றைப் போட, பிள்ளை நின்ற நிலையில் விடை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஆசிரியருக்கு மதிப்பு. தடுமாறினால் அடுத்த அறுவடையில் அவருக்கு வரும் நெல் குறையலாம். காரி நாயனார் இயற்றியதாகச் சொல்லப்படும் கணக்கதிகாரம் இத்தகைய கேள்விகளால் நிறைந்தது. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல அதில் ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள் இருந்தால் 120 சுளை. பாகூருக்குத் தென்மேற்கே பண்ருட்டிப் பலா விளையும் பகுதியில் இது வெறும் விளையாட்டுக் கணக்கு ஆகாது. உள்ளே இருப்பதை வெளியிலிருந்து மதிப்பிடத் தெரிந்தவனே பழ வியாபாரத்தில் நிற்க முடியும். கணக்கதிகாரத்தின் விடை எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்பதைவிட, அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தது பெரிய காரியம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளியில் இடம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. உழைப்பாளிச் சாதிப் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பெண்பிள்ளைகள் அரிதாகவே சேர்க்கப்பட்டார்கள். ஆனால் கீரை, மீன், மோர், சட்டிப்பானை என்று கூடையில் சுமந்து விற்றவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் எண்சுவடியைத் தொட்டதே இல்லை. தாயின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை கூறு போட்டோம், எத்தனை போயிற்று, எத்தனை மிச்சம் என்று விரல்கணுவில் எண்ணிக் கற்றார்கள். சந்தையே அவர்களுக்குப் பள்ளி. இந்த வட்டாரத்தின் கணக்கறிவில் பாதிக்கு மேல் அவர்களுடையது என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு ஓலைச்சுவடி இல்லை என்பதனால் வரலாற்று நூல்களில் அது இடம்பெறவும் இல்லை.

வாரச்சந்தைகள் இந்த ஊர்களின் பொருள் வாழ்க்கைக்கு அச்சு. புதுச்சேரி–விழுப்புரம் சாலையில் உள்ள மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தை இன்றும் பெயர்பெற்றது. மாடு பிடிக்க விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். துண்டுக்கடியில் கையை மறைத்து, விரல்களைப் பிடித்தே விலை பேசி முடிக்கும் தரகர்களின் முறை மாட்டுச் சந்தைகளுக்கே உரியது. சுற்றி நிற்பவருக்குக் கேட்காமல், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் மட்டும் புரியும் எண்மொழி அது. காய்கறிப் பக்கம் வேறு வகை. அங்கே எல்லாம் வாய்ப்பேச்சு. கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பது, முகர்வது, விலையைக் குறைத்துக் கேட்பது, ஒத்துக்கொண்ட பிறகும் கொசுறு கேட்பது என்று வாங்குபவர் முழுக்கப் பங்கேற்கும் கடை. இன்று வடிவமைப்பு மாணவர்கள் தேடித் தேடி உருவாக்கும் பங்கேற்புக் கடையின் எல்லாக் கூறுகளும் ஒரு சாக்கு விரிப்பின் மேல் அங்கே இருந்தன. சந்தைக்கு வரும் ஒவ்வொரு விற்பனையாளரும் இடத்துக்குக் கொடுக்கும் அடிக்காசும், அதை வசூலிக்கும் உரிமையை ஏலம் விடும் குத்தகை முறையும் புதுச்சேரிச் சந்தைகளின் நெடுநாள் வழக்கம்.

பாகூரும் வில்லியனூரும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தவை. பாகூர்ச் சமவெளியில் 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணைப்படி பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் ஏற்பட்டபோது புதுச்சேரிப் பகுதிக்குக் கிடைத்த நான்கில் இரண்டு இவை. புதுச்சேரியும் உழவர்கரையும் மற்றவை. இந்த ஊர்களின் எல்லை ஒரே கோடாக அமையவில்லை. பிரெஞ்சு ஊரும் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு ஊரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. வயல் ஓர் ஆட்சியில், வீடு இன்னோர் ஆட்சியில் என்பது பலருக்கு இயல்பு. சந்தைக்குப் போகிறவர் சுங்கச்சாவடியைக் கடந்து போக வேண்டியிருந்தது. 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் இந்தத் தொல்லையைக் குறைத்தது. 1949இல் அது முடிவுக்கு வந்ததும் சாவடிகள் திரும்பின.

இரண்டு ஆட்சி என்றால் இரண்டு காசுக்கணக்கு. பிரெஞ்சுப் பக்கம் ஒரு ரூபாய்க்கு 8 பணம், ஒரு பணத்துக்கு 24 காசு. 1923 முதல் பிரெஞ்சிந்திய அஞ்சல் தலைகளில் அச்சானதும் இந்தக் கணக்கே. ஆங்கிலேயர் பக்கம் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் ரூபாய்க்கு 192. ஆகவே ஒரு பணம் இரண்டு அணாவுக்குச் சமம். எல்லையோரச் சிறுவனுக்கு இது மனப்பாடமாக இருந்தால்தான் கடைக்குப் போய்வர முடியும். எடையில் 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசை இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,400 கிராம்.

நிலத்தில் இன்னொரு விந்தை நடந்தது. மெட்ரிக் முறை பிறந்த நாடு பிரான்சு. அங்கே 1840 முதல் அது கட்டாயமானது. அந்த ஆட்சியின் நிலப்பதிவேடு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று எழுதப்பட, ஊர்மக்கள் காணி, குழி என்றே பேசினார்கள். 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. அது 53 ஆருக்குச் சற்று மேல். இன்றும் பாகூர்ப் பக்கம் மனை விற்பவர் குழிக்கணக்கில் விலை சொல்கிறார், பத்திரத்தில் ஹெக்டேரும் ஆரும் சென்டியாரும் வருகின்றன. இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறும் முன்பே இந்த வட்டாரத்தின் தாள்களில் மெட்ரிக் முறை ஏறியிருந்தது. கடைத்தெருவுக்குள் மட்டும் அது நுழையவில்லை. பிரெஞ்சுத் தொடக்கக் கல்வியில் கிராமும் லிட்டரும் அடிப்படைப் பாடம். அரசுப் பள்ளிப் பிள்ளை பள்ளியில் அவற்றைப் படித்துவிட்டு, மாலையில் கடைக்குப் போய் வீசையிலும் படியிலும் வாங்கிவந்தான். திண்ணைப் பள்ளிகள் மறைய மறைய, பள்ளிக்கணக்கும் கடைக்கணக்கும் இரண்டு வேறு பொருளாயின. இதைக் காலனியக் கல்வியின் சின்னக் குறையாகத் தள்ளிவிட முடியாது. பள்ளியில் கற்பது பள்ளிக்கு மட்டுமே என்ற எண்ணம் வேரூன்றிய காலம் இது.

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஆதரவளித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளிலேயே நாடு முழுவதன் காசும் எடையும் மாறின. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயாபைசா. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 தொடங்கிப் படிப்படியாகக் கிலோகிராமும் லிட்டரும் கடைகளுக்கு வந்தன. ஓர் அணா ஆறேகால் நயாபைசா. இந்தக் கால் பைசாவை யார் விட்டுக்கொடுப்பது என்பதில் கடைதோறும் வாக்குவாதம் எழ இடமிருந்தது. ஒப்பீட்டு அட்டவணைகள் அச்சிட்டுப் பரப்பப்பட்டன. படிக்கத் தெரிந்த பள்ளிப்பிள்ளைகளே வீட்டுப் பெரியவர்களுக்கு அதைப் படித்துச் சொன்னார்கள். மெட்ரிக் மேளா என்ற பெயர் இந்த மாற்றத்தையே நினைவூட்டுகிறது. புதிய எடைக்கல்லைக் கையில் எடுத்து, தராசுத் தட்டில் வைத்து, நூறு கிராம் என்றால் எவ்வளவு கனம் என்று உணரவைப்பது அதன் நோக்கம்.

கடையைக் கல்விக்குள் கொண்டுவரும் சிந்தனை வேறொரு வழியிலும் வளர்ந்தது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, சாகிர் உசேன் தலைமையிலான குழுவால் பாடத்திட்டமாக வடிவம் பெற்றது. கைத்தொழில் வழியே எல்லாப் பாடமும், செய்த பொருளை விற்றுப் பள்ளிச் செலவு என்பது அதன் சாரம். பள்ளி பட்டறையாகிவிடும் என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. பிள்ளையின் உழைப்பிலிருந்து வருவாய் எதிர்பார்க்கத் தொடங்கினால் கற்றல் பின்னுக்குப் போய்விடும். 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு பரிந்துரைத்த சமூகப் பயன்தரும் ஆக்க வேலை என்னும் பாடம் செய்து கற்பதை முன்வைத்தது. நாளடைவில் பல பள்ளிகளில் அது மதிப்பெண் பட்டியலின் ஒரு வரியாகச் சுருங்கியது.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுவையில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் கிராமம் கிராமமாகப் போனபோது, கணக்கைப் பிழைப்போடு சேர்த்துக் கற்பிக்கும் முறை மீண்டும் உயிர்பெற்றது. கூலிக் கணக்கு, எடைக்கணக்கு, பேருந்துப் பலகை என்று பெரியவர்கள் ஏற்கெனவே புழங்கிய உலகத்திலிருந்தே எழுத்தும் எண்ணும் தொடங்கின. எழுதத் தெரியாத பெண்களுக்கு மனக்கணக்கு நன்றாகவே வரும் என்பது பாடம் சொல்லப்போன இளைஞர்களுக்குத்தான் பாடமாயிற்று.

வில்லியனூருக்கு இந்த வரலாற்றில் தனியிடம் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் துணையுடன், தகவல் கிராமம் என்னும் திட்டத்தை வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கியது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் அறிவு மையங்கள் திறக்கப்பட்டன. தொலைபேசி சரியாக எட்டாத இடங்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பும், மின்வெட்டுக்குச் சூரிய ஒளி மின்சாரமும் ஏற்பாடாயின. திட்டத்தைத் தொடங்குமுன் நிறுவனம் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. ஊர்மக்கள் தகவலை எங்கிருந்து பெறுகிறார்கள் என்று விசாரித்தார்கள். உள்ளூர்க் கடைகள், சந்தை, உரமும் விதையும் விற்பவர்கள் என்றே விடை வந்தது. அதாவது விலையை அறிய ஒருவர் விற்பவரையே நம்பியிருந்தார். மையங்கள் அந்த நிலையை மாற்ற முயன்றன. நெல், காய்கறி விலை, வானிலை, அரசுத் திட்டங்கள், மீனவர் ஊரில் அலையின் உயரம் எல்லாம் தமிழில் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் வந்தன. இடத்தை ஊரார் இலவசமாகத் தர வேண்டும், எந்தச் சாதியினருக்கும் பெண்களுக்கும் தடை இருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், நடத்தினார்கள். பயன்படுத்துபவரைக் கேட்டு வடிவமைப்பது, அவரிடமே சோதிப்பது, அவர் சொன்னபடி மாற்றுவது என்று இன்றைய வடிவமைப்பு வகுப்புகள் பேசும் முறையை, பெயர் சொல்லாமலே அந்தத் திட்டம் கடைப்பிடித்தது. 2001இல் அதற்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. பின்னர் கைப்பேசி வீடுதோறும் வந்தபோது அத்தகைய மையங்களின் வேலை மாறிப்போனது.

பள்ளிப் பாடநூலுக்குள் சந்தை நுழைந்தது 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்குப் பிறகு. என்சிஇஆர்டியின் தொடக்கநிலைக் கணக்கு நூல்களில் பழைய பொருள் வாங்கி விற்கும் பெண்ணொருத்தியின் வரவு செலவும், மீன்பிடித் தொழிலின் கணக்கும் தனிப் பாடங்களாயின. புத்தகத்தில் கடை வருவது நல்லதே. ஆனாலும் படத்தில் உள்ள தராசு யாருடைய கையையும் தாழ்த்தாது.

பள்ளிக்கணக்கும் கடைக்கணக்கும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை அளந்து பார்த்த இரண்டு ஆய்வுகள் இங்கே முக்கியம். முதலாவது பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் நடந்து 1985இல் வெளியானது. தெருவில் விற்கும் 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போலப் போய்க் கேட்டார்கள். ஒரு தேங்காய் 35, பத்துத் தேங்காய் எவ்வளவு? பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று காய்க்கு 105 என்று வைத்து, அதை மும்முறை கூட்டி, மீதமுள்ள ஒன்றின் 35ஐச் சேர்த்து 350 என்றான். கடையில் இப்படிக் கேட்டவற்றில் 98 விழுக்காடு சரியான விடை. அதே கணக்குகளை எண்களாக மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடு.

இரண்டாவது நம் நாட்டில் நடந்தது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் நடத்திய ஆய்வு 2025 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகள், பள்ளிக்கு மட்டும் போகும் 471 பிள்ளைகள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1 கிலோ 400 கிராம், கையில் 200 ரூபாய்த் தாள் என்பது போன்ற வேலை. 37 ரூபாய் போக 163 திருப்பித் தர வேண்டும். சந்தைப் பிள்ளைகள் காகிதமின்றிச் சொல்லிவிட்டார்கள். பதினொன்றால் பெருக்க வேண்டுமானால் பத்தால் பெருக்கி ஒருமுறை கூட்டிக்கொள்ளும் குறுக்குவழிகள் அவர்களிடம் இருந்தன. பள்ளிக்கணக்காகக் கேட்டால் அவர்கள் தடுமாறினார்கள். மறுபுறம், சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தீர்த்த ஒரு கடைக்கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டினரே தீர்த்தனர். எண்சுவடி படித்த பையனுக்கு இந்த இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தன. நடுவில் விழுந்த பிளவு இயற்கையானது அன்று, ஏற்படுத்தப்பட்டது.

மாணவர் சந்தை இந்தப் பிளவை அடைக்க வேண்டுமானால் அது எப்படி நடக்கிறது என்பதே எல்லாம். பலகாரம் கொண்டுவந்து, பாட்டு வைத்து, விருந்தினர் நாடா வெட்டி, ஆசிரியரே கல்லாவில் உட்காரும் சந்தையால் பயனில்லை. ஒழுங்காக நடக்கும் சந்தைக்கு வேலை முந்தைய வாரமே தொடங்குகிறது. பிள்ளைகள் ஊர்க் கடைவீதிக்குப் போய் அன்றைய விலையைக் குறித்து வருகிறார்கள். முதல் எவ்வளவு, எத்தனை கூறாகப் பிரித்தால் என்ன விலைக்கு விற்கலாம், வாடிப்போனால் எவ்வளவு நட்டம் என்று எழுதுகிறார்கள். பாகூர் ஏரிப் பாசனத்து ஊர்ப்பிள்ளைக்கு அரிசியும் கீரையும் கைக்கெட்டும் சரக்கு. வில்லியனூர்ப் பிள்ளைக்குப் புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் கைவினை அக்கம்பக்கத்துத் தொழில். பிறகு வகுப்புக்குள் ஒத்திகை. பாதிப் பேர் விற்க, பாதிப் பேர் வாங்க. வரிசை எங்கே தேங்குகிறது, விலைப்பலகை சின்னப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறதா, சில்லறை தரும்போது எத்தனை முறை பிழை நேர்கிறது என்று இன்னொரு குழு குறித்துக்கொள்ளும். பூசணிக்காயின் எடையைக் கையால் தூக்கிச் சொல்லி, பிறகு தராசில் சரிபார்க்கும் போட்டி ஒன்றை வைத்தால், வாங்க வருபவரும் கற்பவராகிறார்.

ஒரு புதிய சிக்கலும் உண்டு. 2016இல் யுபிஐ வந்தபின் கீரைக் கூடையிலும் க்யூஆர் அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. வியாபாரிக்கு வசதிதான். பிள்ளைக்கோ கழித்தல் பயிற்சி போய்விட்டது. 37 ரூபாய்க்கு 37ஐயே அனுப்பினால் 163 என்ற விடை யாருக்கும் தேவைப்படாது. ஆகவே மாணவர் சந்தையில் காசும் தாளும் புழங்குவது பழைய வழக்கின் மேல் உள்ள பற்றினால் வேண்டப்படுவதல்ல, கணக்குக்காகவே வேண்டப்படுவது. அதேபோல், பிள்ளையைச் சம்பாதிக்க அனுப்புவதோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. பள்ளிச் சந்தையின் லாபம் கணக்கேட்டில் காட்டப்பட வேண்டிய ஓர் எண், அவ்வளவுதான்.

இதற்கான இடம் இப்போது பள்ளி நாட்காட்டியிலேயே இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் புத்தகப்பை இல்லாத பத்து நாள்களைச் சொல்கிறது. அவற்றுக்கான வழிகாட்டுதல்கள் 2024இல் வெளிவந்தன. புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் 2023–24 கல்வியாண்டு முதல் மேல்வகுப்புகளையும் மத்தியப் பாடத்திட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டன. தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் பள்ளிக்கல்வித் துறையும் யூனிசெஃபும் நடத்தும் பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம், உள்ளூர்ச் சிக்கலைக் கண்டு தீர்வை வடிவமைத்துச் சோதிக்கும் பயிற்சியைத் தருகிறது. ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது உண்மையான வாடிக்கையாளர். பிள்ளையின் கடையைச் சோதிக்கத் தகுதியானவர் வகுப்பாசிரியரைவிட, முப்பது ஆண்டு கூடை சுமந்த கீரைக்காரம்மா. அவரைப் பள்ளிக்கு அழைத்து ஒரு நாள் வாங்கச் சொல்லலாம். அல்லது பிள்ளைகளே அவரிடம் போகலாம். மதகடிப்பட்டுச் சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை, பள்ளி வேலைநாள். அந்தப் பத்து நாள்களில் ஒன்றை ஒரு செவ்வாய்க்கிழமையில் வைக்கும் முடிவைத் தலைமையாசிரியர்கள் இந்த ஆண்டே எடுக்கட்டும்.